சோலைமட்டத்தில் நாலு கோடு

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பகலில், சோலைமட்டம் எஸ்டேட்டில் சுகுணாவுக்கு வலி கண்டது. டாக்டர் குறித்த நாளுக்கு முன்பே வந்துவிட்ட வலி. அவளுடைய அம்மா தெய்வம்மா போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டார். திரையில் சிக்னலின் நாலு கோடும் நிறைந்திருந்தன. மணி அடித்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்து எந்த ஊர் என்று கேட்டாள். தெய்வம்மா ஊர் பேரைச் சொல்லத் தொடங்கும்போதே குரல் உடைந்து நின்றுபோனது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி அதே கதி. பக்கத்து வீட்டுப் போன், எதிர் லயத்து வரிசை வீடுகளின் போன் என்று வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் நாலு கோடு இருந்தது. எதிலும் பேச்சு போய்ச் சேரவில்லை.

கடைசியில் எஸ்டேட் டிரைவர் அய்யாவு தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிராக்டரைக் கொண்டுவந்தார். மேலே தார்ப்பாய்ப் படங்கைக் கட்டி, சுகுணாவைப் படுக்கவைத்து, குன்னூரைப் பார்த்துக் கிளம்பினார்கள். பாதி வழியில், மழை கொட்டிக்கொண்டிருக்க, ரோட்டோரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. குன்னூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜோவிதா இரண்டு பேரையும் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்த ரோட்டில் பட்ட பயம் தெய்வம்மாவுக்குள் அப்படியே தங்கிவிட்டது. சில நாளில் அது கோபமாக மாறியது.

தெய்வம்மா அந்த எஸ்டேட்டின் யூனியன் செயலாளர். சிலோன் தோட்டத்திலிருந்து தாய் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு சிறுமியாக இந்த மலைக்கு வந்தவர். கேட்பதை உட்கார்ந்து கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய், குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் நின்றார். எங்கள் எஸ்டேட்டுக்குப் புது டவர் வேண்டும் என்றார். விஷயம் பேப்பரில் வந்தது. செல்போன் கம்பெனி உடனே சம்மதித்தது. டவருக்கு இடம் பார்த்து வரச்சொல்லி கோயம்புத்தூர் ஆபீசிலிருந்து கெஸியாவை அனுப்பினார்கள்.

கெஸியா குன்னூர்க்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவள் கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, பத்து வருடமாக இதே வேலையில் இருக்கிறாள். எந்த டவர் எந்தத் திசையில், எவ்வளவு பலத்தில் பேச வேண்டும், ஒன்றின் அலை இன்னொன்றின் அலையைக் கெடுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் அவள் வேலை. தெரியாததைத் தெரியாது என்பாள். தெரிந்ததை மாற்றிச் சொல்லமாட்டாள். அவளுடைய மேலதிகாரி ரொனால்டுக்கு இது தெரியும். அதனால்தான் கிளம்பும்போதே சொல்லி அனுப்பினார்: "இடத்தை மட்டும் பாத்துட்டு வாம்மா. மத்ததெல்லாம் முடிவாயிருச்சு."

டவர் ஏறும் தனசிங்கை உடன் அழைத்துக்கொண்டு, அவள் ஜீப்பில் சோலைமட்டம் வந்து சேர்ந்தாள். லயங்களுக்கு முன்னால் நின்று அளக்கும் கருவியைத் திறந்தாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு டவர்கள் தெரிந்தன. தலைக்கு மேலே ஃபேக்டரி மேட்டில் ஒன்று. பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர் மலையில், குன்னூர் பஜாருக்கு மேலே இன்னொன்று. இரண்டிலும் பழைய ஆன்டெனாவை எடுத்துவிட்டுப் புதுப் பேனல் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பேனலுக்குள்ளும் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கும். அவை எல்லாம் ஒன்றுசேர்ந்து, யார் போனில் பேசுகிறார்களோ அவர்கள் பக்கமாக மட்டும் அலையைக் குவித்து அனுப்பும். நல்ல கருவிதான். ஆனால் கெஸியாவின் கையிலிருந்த கருவி வேறு கணக்குச் சொன்னது. லயத்தில் வந்து விழும் அலையின் பலம் ஏகத்துக்கு இருந்தது. தெளிவு துளியும் இல்லை. இரண்டு டவரும் ஒரே அலைவரிசையில், கிட்டத்தட்ட ஒரே பலத்தில், இந்த லயத்தின் மேலேயே பேசிக்கொண்டிருந்தன. போன் பலத்தை மட்டும் பார்த்து நாலு கோடு போட்டது.

தெய்வம்மா வந்து, விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் டவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தைக் காட்டினார். கொடி நட்டு, கல் பதித்து, சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். கெஸியா அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தெய்வம்மாவைப் பார்த்தாள்.

"இங்க டவர் வேண்டாங்கம்மா. வெச்சா இன்னும் கெட்டுப்போகும்" என்றாள்.

கூட இருந்த பெண்கள் ஜீப்பைச் சுற்றிக்கொண்டார்கள். தனசிங் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். தெய்வம்மா கையைக் காட்டி அவர்களை அடக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"எம் மக ரோட்டுல பெத்தா மேடம். ஒரு வார்த்த முழுசா கதைக்க ஏலல எங்களுக்கு. கேட்டதக் குடுக்க மாட்டோம்னா நேரா சொல்லிட்டுப் போங்க. கெட்டுப்போகும்னு கதை விடாதீங்க."

கெஸியா விளக்கினாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் காதுக்குள் கத்தினால் ஒன்றும் புரியாது, மூன்றாவது ஆளையும் கொண்டுவந்து நிறுத்தினால் சரியாகிவிடுமா என்று கேட்டாள். ஒரு டவரை இந்தத் திசையில் மட்டும் அமைதியாக்குவதுதான் வழி என்றாள். தெய்வம்மா கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பவில்லை. புது டவர் கேட்டால், இருக்கிற டவரையும் குறைக்கிறேன் என்று ஒருத்தி வந்து நிற்கிறாளே என்றுதான் அவருக்குத் தோன்றியது. எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டார்.

"கிறிஸ்துமசுக்குள்ள. ஆகலீன்னா நானே டவருக்குக் கையெழுத்துப் போடறனுங்க" என்றாள் கெஸியா.

முதலில் அவள் செய்தது பலிக்கவில்லை. ஃபேக்டரி மேட்டுப் பேனல் கொஞ்சம் உயரப் பார்த்திருந்தது. அதைக் கீழே லயத்தைப் பார்த்துச் சாய்த்தால் அதன் பேச்சு மேலோங்கும் என்று கணக்குப் போட்டாள். தனசிங் மூடுபனியில், பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஈரக் கம்பிகளில் ஏறிப் பேனலைச் சாய்த்தார். இறங்கி வந்தபோது அவர் விரல்கள் விறைத்திருந்தன. காலையில் பேச்சு கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் சேரும் நேரம் வந்ததும் பழைய கதை திரும்பியது. பனிதான் காரணம் என்றார் ஃபேக்டரி கிளார்க். சவுக்கு மரங்கள்தான் என்றார் வாட்ச்மேன். கெஸியா இரண்டையும் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. தினமும் வந்தாள். லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கருவியோடு நடந்தாள். கொழுந்து மூட்டையோடு வரும் பெண்கள் அவளைப் பார்த்து, இன்னும் காத்தைத்தான் அளக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வழி திறந்தது ஒரு கடையடைப்பு நாளில். வாடகை விவகாரத்தில் குன்னூர் வியாபாரிகள் அன்று பஜார் முழுவதையும் மூடியிருந்தார்கள். கம்பெனியின் குன்னூர் ஆட்கள் லீவு போட்டுவிட்டார்கள். கெஸியா மட்டும் சோலைமட்டம் வந்தாள். அன்றைக்கும் பனி இருந்தது, தூறல் இருந்தது, சவுக்கு மரங்கள் நின்ற இடத்தில்தான் நின்றன. சுகுணா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் ரமேஷ்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். கெஸியா லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சுகுணா அப்போதும் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சுகுணா, எப்ப இருந்து பேசறீங்க?"

"காலைல பாப்பாவக் குளிப்பாட்டினதுல இருந்துங்க. அவரு வைக்கவே மாட்டேங்கறாரு. இன்னைக்கு ஒருக்காகூட கட்டாகல."

கெஸியா கருவியைப் பார்த்தாள். பலம் வழக்கத்தைவிடக் குறைவுதான். தெளிவு, அவள் இந்த லயத்தில் ஒருநாளும் பார்க்காத அளவுக்கு இருந்தது. அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். இன்று மாறியிருப்பது ஒன்றே ஒன்று. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், பஜாரில் ஜனம் இல்லை. ஜனம் இல்லாததால் அங்கே போன்களும் இல்லை. பஜாரில் போன் பேசினால் இங்கே ஏன் கெடுகிறது? பஜார் டவர் தன் அலையை பஜாரை நோக்கித்தானே குவிக்க வேண்டும்?

அந்தக் கேள்வியோடு இரண்டு டவர்களின் அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒவ்வொரு போனும் தன் டவருக்கு ஒரு சின்ன அடையாளக் குறியை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் குறி வரும் திசையைக் கொண்டுதான் டவர் தன் ஆன்டெனாக்களைச் சேர்த்து அலையைக் குவிக்கும். இங்கே லயத்துப் போன்களுக்கும் பஜார்ப் போன்களுக்கும் ஒரே குறிகள் கொடுக்கப்பட்டிருந்தன, அதுவும் ஒரே நேரத்தில். நடுவில் மலை இருந்திருந்தால் பரவாயில்லை. வெறும் பள்ளத்தாக்குதான் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் போனை எடுத்தால், அதே குறி பஜாரிலிருந்தும் லயத்திலிருந்தும் என்று இரண்டு திசையிலிருந்து பஜார் டவருக்கு வந்தது. அது குழம்பிப்போய், தன் பலத்தில் பாதியைக் கொண்டுவந்து சோலைமட்டத்தின் மேல் கொட்டியது. சும்மா சிதறி வந்த அலையாக இருந்தால் சமாளித்திருக்கலாம். அத்தனை ஆன்டெனாவும் சேர்ந்து குறிபார்த்து அடித்த அலை இது.

பஜாரில் புதுப் பேனல் மாட்டியபோது, புதிதாக எதையும் யோசிக்காமல் ஃபேக்டரி மேட்டு அமைப்பை அப்படியே பிரதி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தது ரொனால்டின் குழு.

அவள் அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தாள். கண்டதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ரொனால்ட், டவருக்கு அனுமதி வந்துவிட்டது, கலெக்டர் ஆபீசுக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, டவரும் வரட்டும் இதையும் திருத்துவோம் என்றார். மூன்றாவது டவர் வந்தால் இன்னொரு குழப்பம் வரும், வேண்டவே வேண்டாம் என்றாள் கெஸியா. குறிகளை வேறு வேறாக மாற்ற வேண்டும். அது போதாது. இரண்டு டவரையும் ஒன்றுக்கொன்று தகவல் பேசும்படி இணைக்க வேண்டும். பஜார் டவர் யாரோடு பேசினாலும் சோலைமட்டத்தின் திசையில் மட்டும் தன் அலைகளை ஒன்றையொன்று அழிக்கும்படி சேர்த்து, அங்கே ஒரு வெற்றிடம் விட வேண்டும். இத்தனை ஆன்டெனா இருக்கும்போது அது முடியும்.

ரொனால்டுக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. லயத்துக்குக் கீழே, அதே திசையில், ஒரு பெரிய ஹோட்டல் இருந்தது. அது பஜார் டவரை நம்பித்தான் ஓடியது. வெற்றிடம் விட்டால் ஹோட்டலில் சிக்னல் போய்விடும். ஹோட்டல் முதலாளி சும்மா இருக்கமாட்டார்.

"ஹோட்டலுக்கு ஃபேக்டரி மேட்டுல இருந்து குடுக்கலாம் சார். பேனல் இப்ப அந்தப் பக்கமாத்தான் பாக்குது. அது என் பொறுப்பு."

"எழுதிக் குடுப்பியாம்மா?"

"குடுக்கறேன் சார்."

ரொனால்ட் பெருமூச்சு விட்டது கேட்டது. "காப்பி பண்ணினது எங்க கைதான். அதையும் சேத்தே எழுது. மறைக்க வேண்டாம்" என்றார். அவள் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. நன்றி சொல்லி போனை வைத்தாள்.

சோதனைக்குக் கெஸியா வேண்டுமென்றே கஷ்டமான நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். கிறிஸ்துமசுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம். நட்சத்திரமும் கேக்கும் துணியும் வாங்க மலை முழுக்க குன்னூர் பஜாரில் கூடியிருக்கும் நேரம். சோலைமட்டத்திலும் எல்லோரும் வேலை முடிந்து வீட்டில் இருப்பார்கள். தனசிங் பஜார் டவர் அடியில் நின்றார். கெஸியா மைதானத்தில், அந்தக் கொடிகளுக்குப் பக்கத்தில், ஜீப்பின் பானெட் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். தெய்வம்மா எல்லாரையும் போனோடு வெளியே வரச்சொல்லியிருந்தார்.

முதலில் பழையபடியே பேசிப் பார்க்கச் சொன்னாள் கெஸியா. எல்லோரும் கூப்பிட்டார்கள். அங்கங்கே ஹலோ ஹலோ என்ற சத்தம்தான் கேட்டது. ஒருவருக்கும் பேச்சு நிலைக்கவில்லை. பிறகு அவள் தனசிங்குக்கு மெசேஜ் தட்டிவிட்டு மாற்றத்தைப் போட்டாள். டவர்கள் ஒருமுறை அணைந்து எழுந்தன. எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தது இரண்டு கோடு.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. நாலு இருந்ததையும் பிடுங்கிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். தெய்வம்மா தன் போனைக் கெஸியாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"ரெண்டாப் போச்சு, பாத்தீங்களா?"

"பஜாரோட சத்தம் போயிருச்சுங்கம்மா, அதான் கொறைஞ்சிருக்கு. இது நம்ம டவரு மட்டும். கோட்டப் பாக்காதீங்க. யாரையாச்சும் கூப்பிட்டுப் பேசுங்க."

அவள் குரலில் தயக்கம் இல்லை. தெய்வம்மா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு எண்ணைத் தேடி எடுத்தார். குன்னூர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜோவிதாவின் எண். ஸ்பீக்கரில் போட்டார். ஜோவிதா எடுத்ததும், இது சும்மா பரிசோதனைதான், பயப்பட வேண்டாம், ஆனால் அவசரத்துக்குக் கேட்பதுபோல எல்லாவற்றையும் கேளுங்கள் என்றார். ஜோவிதாவுக்குப் புரிந்தது. எந்த எஸ்டேட், எந்த லயம், எந்த ரோட்டில் திரும்ப வேண்டும், பேஷன்ட் பேர் என்ன, வயது என்ன, வலி எப்போது வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெய்வம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் தெய்வம்மா சொன்னதையெல்லாம் ஜோவிதா திருப்பிச் சொன்னார். ஓர் எழுத்து விடுபடவில்லை. ஐப்பசியில் யாருக்கும் சொல்ல முடியாமல் போனதெல்லாம் அந்த மைதானத்தில் எல்லார் காதிலும் தெளிவாக விழுந்தது. சுகுணா பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

அதற்குள் மற்றவர்களும் கூப்பிட்டுவிட்டார்கள். அய்யாவு கோத்தகிரியிலிருக்கும் தம்பியோடு பேசினார். ஒருத்தி சென்னையில் வேலை பார்க்கும் மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஹலோ ஹலோ என்ற சத்தம் எங்கேயும் கேட்கவில்லை. கெஸியா லேப்டாப்பில் தெளிவின் அளவைப் பார்த்தாள். பஜார் நிறைந்திருந்த அந்த நேரத்திலும் அது கடையடைப்பு நாள் அளவுக்கே நின்றது. தனசிங் போனில், பஜாரிலும் ஒரு குறையும் இல்லை என்றார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் ஆச்சரியமாக இல்லை. இப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

தெய்வம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னைக்குப் பேசியாச்சு. புத்தாண்டுக்கும் பேசணும், பொங்கலுக்கும் பேசணும். அப்புறந்தான் எதையும் சொல்லுவேன்" என்றார். அது நியாயம்தான் என்றாள் கெஸியா.

ஹோட்டல் முதலாளி மறுநாளே சத்தம் போட்டார். கெஸியா நேரில் போனாள். அவர் அறையில் உட்கார்ந்து பேசாமல், ஹோட்டலின் ஒவ்வொரு மாடியிலும் அளந்தாள். ஃபேக்டரி மேட்டுப் பேனலில் ஹோட்டலுக்கென்று தனி அலைக்குவியல் ஒன்றை ஒதுக்கினாள். மலைச்சரிவு மறைத்த பின்கட்டு அறைகளுக்கு மட்டும் உள்ளேயே ஒரு சின்னக் கருவி மாட்டவேண்டி வந்தது. அதையும் மாட்டிக் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லவில்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

புத்தாண்டு போனது, பொங்கல் போனது. சோலைமட்டத்தில் பேச்சு உடையவில்லை. தை மாதக் குறைதீர் நாளில் தெய்வம்மா மறுபடியும் பெண்களோடு ஊட்டிக்குப் போனார். டவர் வேண்டாம், போன் சரியாகிவிட்டது என்று எழுந்து சொன்னார். அதிகாரிகள் மகிழ்ந்தார்கள். அவர் உட்காரவில்லை. போன் போய்ச் சேர்ந்தாலும் ஆம்புலன்ஸ் குன்னூரிலிருந்து வந்து சேர நேரமாகிறது, ஆகவே எங்கள் பக்கத்து பர்லியார் ரோட்டில் ஒரு வண்டியை நிரந்தரமாக நிறுத்த வேண்டும், அது நடக்கும் வரை நாங்கள் மாதாமாதம் வருவோம் என்றார். சாயங்காலம் கெஸியாவுக்குப் போன் செய்து இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நீங்க சொன்னது சரிதான் கெஸியா. எனக்கு அன்னைக்குப் புரியல. சத்தம் கூடினா கேக்கும்னுதான் நெனச்சேன்" என்றார்.

"உங்க கோபம் இல்லீன்னா யாரும் இங்க வந்து பாத்திருக்கவே மாட்டாங்கம்மா."

தெய்வம்மா சிரித்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ரொனால்ட் சோலைமட்டம் அறிக்கையை மாநிலம் முழுக்க இருக்கிற எல்லா ஆபீசுகளுக்கும் அனுப்பினார். பிரதி எடுத்த தவறு பற்றிய பத்தியை அவர் நீக்கவில்லை. மலைப் பகுதியில் எந்தப் பேனல் மாட்டினாலும், எதிரே கண்ணில் படும் டவர்களின் குறிகளை முதலில் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த வாரம் கெஸியாவை ஊட்டிப் பக்கம் இத்தலாருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே காய்கறித் தோட்டக்காரர்கள் டவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரொனால்ட் இந்தத் தடவை இடம் பார்த்து வரச் சொல்லவில்லை. "போய்ப் பாத்துட்டு, வேணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு" என்றார்.

தனசிங் ஜீப்பைக் கிளப்பினார். கெஸியா மடியில் மலையின் வரைபடத்தை விரித்து, இத்தலாரைப் பார்த்து நிற்கும் டவர்களை ஒவ்வொன்றாக வட்டமிடத் தொடங்கினாள்.